சீப்புப் பாட்டுக்கு மஞ்சள் ஸ்டிக்கர்

கம்பெனி பஸ்ஸில் அப்போதெல்லாம் ஜன்னலோர சீட்டு எனக்குக் கிடைக்காது. அது க்யூசி அக்காவின் சீட்டு. பொன்னேரியில் எனக்கு முந்தின ஸ்டாப்பில் ஏறி உட்கார்ந்திருப்பாள். நான் பையை மடியில் வைத்து மூச்சு விடுவதற்குள் ஒரு இயர்போனை முந்தானையில் துடைத்து என் காதில் செருகிவிடுவாள். குட்மார்னிங் கிடையாது, சாப்பிட்டியா என்ற கேள்வி கிடையாது.

"கோளாறு சொல்லு."

அவள் கிடார் பழகிக்கொண்டிருந்த காலம் அது. சொல்லித்தர ஆள் இல்லை. போனில் வீடியோ பார்த்து, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், கம்பிகளைச் சேர்த்துப் பிடிக்கிற நாலைந்து கார்டு கைக்கு வந்ததும் தானே ஒரு பாட்டைக் கட்டி, அதே போனில் பதிவு செய்து எடுத்துக்கொண்டு வருவாள். வயது நாற்பதை நெருங்குகிறது. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே வேலை. வீட்டுக்குப் போய்க் காலை நீட்டாமல் இதெல்லாம் எதற்கு என்று பஸ்ஸில் எல்லோருக்கும் ஒரு கேள்வி இருந்தது. எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது, காது என்னுடையதாயிற்றே.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு ரப்பர் சாமான் செய்கிற கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸ். அவள் தரம் பார்க்கிற இன்ஸ்பெக்டர். அதனால்தான் க்யூசி அக்கா. அச்சிலிருந்து வந்த ரப்பரைக் கையிலெடுத்துத் திருப்புவாள், நகத்தால் ஓரத்தைத் தடவுவாள், வெளிச்சத்தில் பிடிப்பாள். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். பிசிறோ குமிழோ இருந்தால் சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மஞ்சள் உண்டு. கோளாறு இருக்கிறது, ஆனால் பெரிய கோளாறு இல்லை என்று அர்த்தம். மஞ்சளை அனுப்பவும் முடியாது, தூக்கிப் போடவும் முடியாது. என்ன கோளாறு என்று ஒளிக்காமல் எழுதி, சாம்பிளோடு கஸ்டமருக்கு அனுப்பிக் கேட்கவேண்டும். அவர்கள் பரவாயில்லை என்றால்தான் சரக்கு நகரும். அதுவரைக்கும் மஞ்சள் பெட்டிகள் எல்லாம் என் ஸ்டோர்ஸ் ரேக்கில்தான் கிடக்கும், தூசி பிடித்துக்கொண்டு, என் உயிரை வாங்கிக்கொண்டு.

வேலையை ஆலையிலேயே விட்டுவிட்டு வருகிற ஜாதி இல்லை அவள். கேன்டீனில் இட்லியைப் புரட்டி அடிப்பக்கம் பார்ப்பாள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் மாப்பிள்ளையின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் அச்சுப்பிழையைப் பார்ப்பாள். ஒருமுறை நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்தேன். மேலும் கீழும் பார்த்தவள், "கரை நல்லா கீது, ஃபால்ஸு ஒரு பக்கம் தொங்குது" என்றாள். அன்று முழுக்கக் குனிந்து குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் சாயங்காலம் அவளே ஊசிநூலோடு வந்து, ஸ்டோர்ஸ் வாசலில் என்னை நிற்கவைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அவளிடம் கோபித்துக்கொள்வதும் கஷ்டம்தான்.

முதல் நாள் பாட்டைக் கேட்டுவிட்டு, நாலு பேரைப் போல நானும் மரியாதைக்கு, "நல்லா கீதுக்கா" என்றேன்.

இயர்போனை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "நல்லா கீதுன்றது ஒரு பதிலாடி? சாம்பாருக்குச் சொல்ற மாரி சொல்ற."

கவரைப்பேட்டை தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கும் எரிச்சல். மறுநாள் வஞ்சம் வைத்துக் கேட்டேன். "பாட்டுக்குப் பின்னாடி யாரோ பாத்திரம் வெளக்குற சத்தம் வருது" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. சம்பளம் ஏறினால்கூட அப்படிச் சிரிக்கமாட்டாள்.

"பக்கத்தூட்டு அக்காதான். நெனச்சேன். இன்னும் சொல்லு."

அதற்குப் பிறகு பஸ்ஸே இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டது. இயர்போன் பின் சீட்டுவரை போகும், வரும். ஆளுக்கொரு கோளாறு சொல்லவேண்டும், அது ஒரு வரி கட்டுகிற மாதிரி. "'ப'ன்ற எழுத்து வர்றப்பல்லாம் புஸ்ஸுன்னு காத்து அடிக்குதுக்கா" என்று ஒருத்தி சொன்னாள். மறுநாளே அக்கா டீ வடிகட்டியில் துப்பட்டாத் துணியை இழுத்துக் கட்டி, போனுக்கு முன்னால் நிறுத்திப் பாடிக்கொண்டு வந்தாள். காற்று போய்விட்டது. டிரைவர் அண்ணன் கேட்டைத் திறக்கக் காத்திருந்த நேரத்தில் கேட்டுவிட்டு, "பாட்டு ஆரம்பத்துல மெதுவா போவுது, கடசீல ஓவர்டேக் பண்ணுதும்மா" என்றார். அந்த வாரம் முழுக்க டிக் டிக் என்று அடிக்கிற ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு, தொடையில் தட்டியபடியே பஸ்ஸில் வந்தாள்.

எல்லாம் ஒரே பாட்டு. புதுசு புதுசாகக் கட்டுகிறவள் இல்லை. நாங்கள் அதற்கு வைத்த பெயர் சீப்புப் பாட்டு.

'சீப்பு கண்ணாடி ஓரமா இருக்குது
சிக்கெடுக்கத்தான் தலையில்ல'

இப்படித் தொடங்கும். தலையில்லை என்றால் பேய்ப் பாட்டாக்கா என்று நாங்கள் ஓட்டுவோம். அவளும் சிரிப்பாள். யாருடைய சீப்பு என்று கேட்டால் மட்டும், "பாட்டக் கேளுடி, வெலாசம் கேக்காத" என்பாள்.

ஒரு சமயம் கோளாறு பார்க்கிற வேகத்தில் பாட்டையே கொன்றுவிட்டாள். போனில் ஏதோ ஒரு ஆப் கிடைத்திருக்கிறது. இரைச்சலை எடுக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டே போயிருக்கிறாள். ஃபேன் போனது, ரயில் போனது, மூச்சு போனது, கடைசியில் தண்ணீர் டிரம்முக்குள் உட்கார்ந்து பாடுகிற மாதிரி ஆகிவிட்டது. அதைச் சரிசெய்கிறேன் என்று எதிரொலியை ஏற்றினாள். இப்போது கல்யாண மண்டபத்துப் பாத்ரூம். பஸ்ஸில் அன்று சிரித்த சிரிப்புக்கு அளவில்லை. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "செகப்பு ஸ்டிக்கர்" என்று அழித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக்குப் போனேன். ரயில் பாதையை ஒட்டிய லைன் வீடுகளில் நடுவீடு. அவள் மட்டும்தான். உள்ளே நுழைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, "பேசாத" என்று ஒவ்வொரு மூலையாக நின்று கை தட்டிக் காட்டினாள். சுவரோரம் தட்டினால் டங்கென்று திரும்பிவந்தது. பீரோவைத் திறந்து புடவைகளுக்கு முன்னால் தட்டினால் சத்தம் அங்கேயே படுத்துவிட்டது. அதனால் பீரோவுக்குள் முகத்தைக் கொடுத்துத்தான் பாடுவாளாம். போனைக் கிடாரின் ஓட்டைக்கு நேராக வைத்தால் பானைக்குள் பேசுகிற மாதிரி இருக்கிறதென்று, ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தி, அதன் கழுத்தும் உடம்பும் சேருகிற இடத்துக்கு எதிரே கொண்டுவந்திருந்தாள். தரையில் சாக்பீஸால் கோடுகூடப் போட்டிருந்தாள். யாருமே சொல்லித்தராமல் ஒருத்தி இவ்வளவு தூரம் போவாளா என்று எனக்கு ஆச்சரியம்தான்.

பாடப்போகிறேன் என்றாள். ஃபேனை நிறுத்தினாள். ஃப்ரிட்ஜ் சுவிட்சை அணைத்தாள். பிறகு ஃப்ரிட்ஜைத் திறந்து, கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையைத் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து மூடினாள்.

"இன்னாக்கா இது?"

"அணைச்சிட்டுத் திருப்பிப் போட மறந்துபூட்றேன். ரெண்டு தபா பாலு கெட்டுப்போச்சு, ஒரு தபா மீனு. கார்டு உள்ள இருந்தா, அது இல்லாம வேலைக்கிப் போவ முடியாதில்ல? தொறந்துதான ஆவணும்."

அவள் அட்டையில் சில நாள் காலையில் கருவாட்டு வாசனை அடிப்பது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எல்லாம் அடங்கியது. வியர்க்க வியர்க்க அருமையாகப் பாடிக்கொண்டு வந்தாள். கடைசி வரியில் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. அவள் கத்தவில்லை. கிடாரை இறக்கிவைத்துவிட்டுச் சுவரைத் தட்டி, "யக்கா, இன்னும் எத்தினி விசிலு?" என்றாள். "பருப்பு, அஞ்சு வுடணும்" என்று பதில் வந்தது. உட்கார்ந்து எண்ணினோம். அந்தப் பாட்டின் எத்தனையோ நல்ல பதிவுகளை அந்தக் குக்கருக்கே பலி கொடுத்திருக்கிறாள். குக்கர் சத்தம் கேட்டால் சிவப்புதான், பேச்சே இல்லை.

காத்திருந்தபோது கிடாரைப் பார்த்தேன். மரத்தின் மேல் ஒரு பளபளப்பான வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அவள் ஒட்டுகிற ஸ்டிக்கர் எனக்குத் தெரியும், இது அவள் கை இல்லை.

"யாருதுக்கா இது?"

"பாப்பாது" என்றாள். அவள் தங்கை.

அப்பா அம்மா போனபின் அந்தத் தங்கையை வளர்த்ததே இவள்தான். சர்ச்சில் பாடுகிற பெண்ணாம், நன்றாகப் பாடுவாளாம். பாடி முடித்து வந்து, "எப்பிடிக்கா?" என்று நிற்பாளாம். இவள் ஒவ்வொரு முறையும் ஒரு கோளாறு சொல்வாளாம். "ஒரு தபா கூட நல்லா கீதுன்னு சொன்னதில்ல. அதுக்கு என்னாண்ட கேக்குறதே சலிச்சுப்போச்சு" என்றாள்.

பிறகு அந்தப் பெண் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். ஆந்திரா எல்லைக்கு அந்தாண்டை தடாவில் வேலை செய்கிற, பாதி தெலுங்கு பேசுகிற பையன். இந்த வீட்டில்தான் அவனை உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறாள் அக்கா.

"லேட்டா வந்தான். ஊட்டுக்குள்ள கூலிங்கிளாஸ கயட்டல. சத்தமா பேசறான். டம்ளர கீழ வெக்கும்போது தரையில டீ சிந்துச்சு, தொடைக்கல. அவன் எதிர்லயே பாப்பாகிட்ட சொன்னேன், ஒண்ணு ஒண்ணா."

"எதிர்லயேவா?"

"எதிர்லயேதான். ரப்பர பாக்குற மாரி பார்த்தேன்டி நானு. அவன் தலைய தொங்கப்போட்டுக்கினான். பாப்பா எழுந்து நின்னுச்சு. அவன் கைய புடிச்சிக்கினு போனதுதான். கிடாரையும் எடுக்கல, சீப்பையும் எடுக்கல."

பேச்சு வார்த்தை நின்று இரண்டு வருஷம் ஆகிறதாம். தடா ஒன்றும் அமெரிக்கா இல்லை. பொன்னேரியில் ரயில் ஏறினால் ஒரு மணிநேரம்கூட ஆகாது. பாட்டு யாருக்கு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அஞ்சாவது விசில் வந்தது. அவள் மறுபடி பீரோவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியவே இல்லை. ஊரே சொன்ன ஒரு கோளாறை அவள் தொடவே இல்லை. பாட்டு அவள் குரலுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 'சிக்கெடுக்க' என்று ஏறுகிற இடத்தில் தொண்டை கிழிந்து பிசிறடிக்கும், கேட்கிற நமக்கே இருமல் வரும். கிடாரின் கழுத்தில் கம்பிகளை அழுத்திப் பிடிக்க ஒரு கிளிப் மாட்டியிருந்தாள். அதைத் தலைப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் போதும், சுருதி இறங்கிவிடும். அவளே எனக்கு ஒருமுறை அதைச் செய்து காட்டியிருக்கிறாள். மூச்சுக் காற்றுக்கு வடிகட்டி கட்டியவள் இதைச் செய்யமாட்டேன் என்கிறாள். யார் சொன்னாலும், "அது இருக்கட்டும்" என்பாள். பிசிறைக் கண்டால் நகம் வைத்துக் கிள்ளுகிற பொம்பளை இதை மட்டும் ஏன் விடுகிறாள் என்று எனக்கு மண்டை காய்ந்தது.

மழைக்காலம் ஆரம்பித்த சமயத்தில் ஒரு நாள் காலையில் இயர்போன் வரவில்லை. அவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"பாப்பா ஊட்ட காலி பண்ணுதாம். அவனுக்கு விசாகப்பட்டினத்துல வேலையாம். இந்த மாசக் கடசீல போறாங்களாம். சர்ச்சுல ஒருத்தங்க சொன்னாங்க."

"பாட்ட அனுப்பிச்சிடுக்கா."

"இன்னும் பச்சை ஆவலடி. ரெண்டாவது அடியில ஒரு கம்பி கிர்ருங்குது."

நாலு நாள் போனது. கம்பியைச் சரிசெய்தாள். அப்புறம் முடிவில் மூச்சு கேட்கிறது என்றாள். மூச்சைச் சரிசெய்தாள். அப்புறம் நடுவில் ஒரு வார்த்தை விழுங்கிவிட்டது என்றாள். மாதம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுமை கம்மி, எல்லோருக்கும் தெரியும். தச்சூர் கூட்டு ரோட்டில் லாரி நெரிசலில் பஸ் நின்றுகொண்டிருந்தது. வெளியே மழை. மறுபடி இயர்போன் நீண்டது.

"கோளாறு சொல்லு."

"சொல்லமாட்டேன்" என்றேன். "உன் பாட்டு என் ரேக்குல தூசி புடிச்சிக்கினு கீதுக்கா. மஞ்சளு. மஞ்சளுக்கு நீயாக்கா முடிவு பண்ணுவ? கோளாற எழுதி கஸ்டமருக்கு அனுப்புவ இல்ல? நீ இன்ஸ்பெக்டர்தான. கஸ்டமரு தடால கீது."

சொல்லிவிட்டு எனக்கே பயமாகப் போய்விட்டது. முன் சீட்டுக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் தண்ணீர் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இனி என்னோடு பேசமாட்டாள், சீட்டு மாறவேண்டியதுதான் என்று நினைத்தேன்.

பஸ் நகர்வதற்குள் போனை வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். பாட்டை அனுப்பிவிட்டு, அதற்குக் கீழே குரலில் பேச ஆரம்பித்தாள். ஆலையில் கோளாறு சொல்கிற அதே நிதானமான குரல்.

"பாப்பா, அக்கா பேசறேன். இது நான் போட்ட பாட்டு, உன் கிடாருல. இதுல கோளாறு கீது. ரெண்டாவது அடியில தாளம் ஒரு எடத்துல தப்புது. நடுவுல ஒரு வார்த்த முழுங்கிடுச்சி. மேல ஏற்ற எடத்துல எனக்கு எட்டல. அத நான் எறக்கல. அது உன் கொரலுக்கு வச்சது, உனக்கு எட்டும். அப்பறம்..." நிறுத்தினாள். டிரைவர் அண்ணன்கூட ஹாரனைத் தொடவில்லை. "அப்பறம், அன்னிக்கி ஊட்டாண்ட அந்தப் புள்ளய நான் பார்த்த பார்வ. அது பெரிய கோளாறு, பாப்பா. அது என்னுது. எடுத்துக்கினாலும் சரி, திருப்பி அனுப்பினாலும் சரி."

விரலை எடுத்தாள். போய்விட்டது. அவள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

அன்று முழுக்க பதில் இல்லை. சாயங்காலம் திரும்பும்போதும் இல்லை. கேட்டுவிட்டார்கள் என்று மட்டும் போன் காட்டியது. "கேட்டாங்க இல்லக்கா, வரும்" என்றேன். "ரிஜெக்ட்டும் ஒரு பதிலுதான்" என்றாள். மறுநாள் அவள் வேலையில் ஒரு பெட்டிக்கு ஸ்டிக்கர் ஒட்டாமலே அனுப்பிவிட்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. ஸ்டோர்ஸில் நான் பார்த்துத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதற்கு மறுநாளும் ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை நான் பஸ் ஏறியபோது ஜன்னலோர சீட்டு காலியாக இருந்தது. அவள் நடைவழியோர சீட்டில் உட்கார்ந்திருந்தாள். "உள்ள போ" என்றாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் இயர்போனைத் துடைத்துக் காதில் வைத்தாள்.

முதலில் அவளுடைய கிடார், தூரத்தில், ஒல்லியாக. ஒரு போனில் பாட்டை ஓடவிட்டு இன்னொரு போனில் பிடித்திருக்கிறார்கள். அவள் குரல் வந்தது. அதன் மேலேயே, பக்கத்தில் உட்கார்ந்து தோளில் சாய்ந்து பாடுகிற மாதிரி இன்னொரு குரல் சேர்ந்துகொண்டது. 'சீப்பு கண்ணாடி ஓரமா இருக்குது.' 'சிக்கெடுக்க' என்று ஏறுகிற இடம் வந்தது. எப்போதும்போல எனக்கு இருமல் வரப் பார்த்தது. அக்காவின் குரல் அங்கே திணறியது. தங்கையின் குரல் எதையும் எம்பிப் பிடிக்கத் தேவையில்லாமல், சும்மா வீட்டுக்குள் நடக்கிற மாதிரி மேலே போய் நின்றது. அந்தக் கிளிப் ஏன் நகரவே இல்லை என்று என் காதுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

கடைசி வரியில் பின்னால் ஒரு குக்கர் விசில் அடித்தது. அதோடு ஒரு ஆண் குரல் சத்தமாக, "ஏமே, டேப்பு ஏட பெட்டினாவு?" என்று பெட்டி ஒட்டுகிற டேப்பைத் தேடித் தெலுங்கில் கேட்டது. அட்டைப் பெட்டி இழுக்கிற சத்தம். அந்தப் பெண் பாடுவதை விட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே, "யக்கா, சாமான் கட்டிக்கினு கீறோம். ஞாயித்துக்கிழம வா. கிடார எட்த்தா, அந்தச் சீப்பயும் எட்த்தா" என்றாள். அத்தோடு நின்றுவிட்டது.

நான் இயர்போனைக் கழற்றினேன். அழுகையை மறைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. பழக்கதோஷத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்.

"பின்னாடி குக்கர் விசிலு கேக்குதுக்கா. யாரோ கத்தறாங்க வேற."

அவள் இயர்போனை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். பாட்டை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"அது அவங்க ஊட்டுக் குக்கருடி" என்றாள். "இருந்துட்டுப் போவட்டும்."